சரக்குத்தூளுக்கு ஒரு படிவம்

முப்பத்தோரு வருடம் நான் மலேசியாவில் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். கப்பலில் ஏறும் சாமான்களுக்குச் சுங்கப் படிவம் எழுதுவதுதான் என் வேலை. ரப்பர் கையுறை, மரநாற்காலி, பாமாயில், பிஸ்கட் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். ஒருமுறை உயிருள்ள மீனுக்குக்கூட எழுதினேன். என் மேசையைத் தாண்டிப் போன கன்டெய்னர்களை வரிசையாக நிறுத்தினால் ஈப்போ வரைக்கும் நிற்கும் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். அப்படிப்பட்டவனால் நான்கு கிலோ எடையுள்ள ஓர் அட்டைப்பெட்டியை, அதுவும் பெற்ற மகளுக்கு, ஒழுங்காக அனுப்பிவைக்க முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

என் ஒரே மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். கல்யாணமான மறு வருடம் மாப்பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு, முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். அப்போது மூன்று மாதம். என் மனைவி போனை என் கையில் திணித்துவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்துச் சரக்குத்தூளுக்குச் சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

சரக்குத்தூள் என்பது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துப்பொடி. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை என்று பத்துப் பதினோரு சாமான் சேரும். பிரசவமான பிறகு நாற்பது நாளும் ரசத்தில், குழம்பில், மீனில் அதைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். கிள்ளான் கடைத்தெருவில் பாக்கெட்டிலேயே கிடைக்கும். என் மனைவிக்கு அந்தப் பாக்கெட்டைக் கண்டாலே ஆகாது. எத்தனை மாதம் வைத்திருந்தானோ, எதைக் கலந்தானோ என்பாள்.

அவளே கடை கடையாய் ஏறி இறங்கி வாங்கி வந்தாள். கழுவி, முறத்தில் பரப்பி, காரின் முன்பக்கத்தின்மேல் வைத்து மூன்று நாள் வெயிலில் காய வைத்தாள். அந்த மூன்று நாளும் நான் எங்கே போனாலும் நடந்துதான் போனேன். பிறகு ஒவ்வொன்றாக வறுத்து இரும்பு உரலில் இடித்தாள். மிக்ஸியில் அரைத்தால் சூடேறி மருந்தின் குணம் போய்விடுமாம். பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, சுவரை உடைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"மூணு மாசந்தான் ஆகுது. அதுக்குள்ள என்னா அவசரம்? புள்ள பொறக்க இன்னும் ஆறு மாசம் கெடக்கு."

"இருக்கட்டுங்க. நான் போறப்ப கையில எடுத்துட்டுப் போயிருவேன்."

"அந்த ஊரு ஏர்போர்ட்ல ஒரு ஆப்பிள் கொண்டு போனாக்கூடப் புடிச்சிருவான். இத விடுவானா?"

"நான் சொன்னாப் புரிஞ்சிக்குவாங்க. அவங்க ஊருல பொம்பளைங்க புள்ள பெத்துக்கலியா?"

அவளுக்கு இங்கிலீஷில் இருபது வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். ஆனாலும் அந்த இருபது வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த அதிகாரிக்குப் புரிய வைத்திருப்பாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இடித்த பொடியைச் சலித்து, ஒரு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ஏழு வாரம் கழித்து ஒரு காலையில் குளியலறையில் விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

மகளால் வர முடியவில்லை. கர்ப்பம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இங்கே யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, அங்கே அவள் சோபாவில் படுத்தபடி அம்மாவின் காரியத்தைப் பார்த்தாள். சவப்பெட்டியை மூடும்போது அவள் போட்ட சத்தம் அந்தச் சின்னப் போனில் இருந்து வந்து வாசல் வரைக்கும் கேட்டது. அன்றைக்கே அவளுக்கு இரத்தம் போக ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து எட்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். குழந்தை எப்படியோ தங்கியது. நான் அந்த எட்டு நாளில் மனைவிக்காக அழுதேனா, மகளுக்காகப் பயந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

என் அக்கா கிள்ளானிலேயே பக்கத்துத் தாமானில், அதாவது அடுத்த குடியிருப்பில், இருக்கிறாள். மகள் வீடு திரும்பிய அன்று வந்து உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டாள்.

"இங்க பாரு தம்பி. மாசமா இருக்கிற புள்ள கண்ணுல தண்ணி வரக்கூடாது. இனிமே அவகிட்ட அம்மா பேச்சே எடுக்காத. புள்ள நல்லபடியா பொறக்கட்டும். அப்பறம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து அழுவலாம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கண்ணெதிரே நடந்ததை எப்படி மறுப்பது? அன்றிலிருந்து நானும் மகளும் பேசியதெல்லாம் மழை, குளிர், என்ன சமைத்தாய், கால் வீங்குகிறதா என்பதோடு சரி. இருவருக்கும் நாக்கு நுனி வரைக்கும் ஒரே பெயர் வரும். இருவரும் விழுங்கிவிட்டு, "அப்பறம்?" என்போம்.

அந்தப் பாட்டில் மட்டும் மேல்தட்டிலேயே இருந்தது. சேலை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அக்கா ஒழுங்குபடுத்திவிட்டாள். ஆனால் என் மனைவி தன் கையால் செய்து வைத்ததில் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பொடி ஒன்றுதான். பிரசவத்தின்போது மகள் பக்கத்தில் அம்மா இருக்க முடியாது. அம்மா இடித்த பொடியாவது பிள்ளை பிறக்கிற நாளுக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பத்து நாள் அவள் அதைச் சாப்பிட்டு, உடம்பு கொஞ்சம் தேறியதும், இது அம்மா உனக்காக இடித்தது என்று நானே சொல்ல வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. நேரில் கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுக்கிறவன் எந்த விமானத்தில் ஏறுவது?

ஏழாவது மாதம் போனில் சொன்னேன்.

"கொஞ்சம் சாமான் அனுப்புறேன்மா. பழைய காட்டன் சேலை ரெண்டு, புள்ளைக்குக் கருப்பு வளையல், அப்பறம் சரக்குத்தூள்."

"சரக்குத்தூளா? யாருப்பா செஞ்சா?"

அந்தக் குரல் எப்படி நடுங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எட்டு நாள் ஆஸ்பத்திரி என் கண்முன்னே வந்து நின்றது.

"கடையில வாங்குனதுதாம்மா," என்றேன்.

"ஓ," என்றாள். அப்புறம் அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு போஸ்ட் ஆபீஸுக்குப் போனேன். நம்பர் எடுத்துவிட்டு ரோட் டேக்ஸ் கட்ட வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். என் மடியில் இருந்த பெட்டியின்மேல் படிவத்தைக் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். எழுத்து அச்சு மாதிரி இருக்கும். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி பாக்சிக் என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னாள், கையால் எழுதின போராங், அதாவது படிவம், இப்போது செல்லாது என்று. எல்லாவற்றையும் ஆன்லைனில் பதிந்து வர வேண்டும். பெட்டி விமானம் ஏறும் முன்னே விவரம் அந்த நாட்டுக்குப் போய்விட வேண்டுமாம். 'பரிசு', 'உணவுப்பொருள்' என்றெல்லாம் மொட்டையாக எழுதக்கூடாது. ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரி: அது என்ன, எதனால் ஆனது, எத்தனை, என்ன எடை, என்ன மதிப்பு, சுங்கக் குறியீட்டு எண் என்ன.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. இது என் வேலை ஆயிற்றே! ரிட்டையர் ஆகி ஆறு வருடத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றை என்னிடம் ஒருவர் கேட்கிறார். பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாட்டிலைக் காட்டி, இதற்கு லேபல் இல்லையே, வீட்டில் செய்ததா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே இருப்பதெல்லாம் தனித்தனியாக எழுதி வந்தால் வாங்கிக்கொள்வேன், ஆனால் அங்கே நிறுத்திவிட்டால் எங்கள் பொறுப்பு இல்லை என்றாள். எழுத்தில் குறை இருந்தால்தானே நிறுத்துவான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்து நாள் உட்கார்ந்தேன். சமையலறை இழுப்பறையில் மனைவி எழுதிய சாமான் பட்டியல் கிடந்தது. எதெது எத்தனை கிராம் என்று பென்சிலில் அவள் போட்டிருந்த கணக்கை வைத்துக்கொண்டு, ஒரே பாட்டிலைப் பதினோரு வரியாகப் பிரித்தேன். சுக்குக்கு எண் கிடைத்தது. மிளகுக்குக் கிடைத்தது. திப்பிலிக்கு அலைய வேண்டியிருந்தது. சித்தரத்தைக்கு இங்கிலீஷ் பெயர் ஒன்று, செடியின் அறிவியல் பெயர் ஒன்று, மலாயில் லெங்குவாஸ் என்பார்களே அதுவா இதுவா என்று ஒரு சந்தேகம். தப்பாகப் போடக்கூடாது என்று அதற்கு மட்டும் ஒன்றரை நாள் செலவழித்தேன். டயாலிசிஸ் நர்ஸ் பார்த்துவிட்டு, அங்கிள் பரீட்சைக்குப் படிக்கிறாரா என்று கிண்டல் பண்ணினாள்.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்காதான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் கடை ஒன்று இருக்கிறது என்று சொன்னாள். அவளோடு கோயிலுக்கு வரும் ஒருத்தி, முறுக்கும் அதிரசமும் அங்கிருந்துதான் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புகிறாளாம். அடுத்த நாள் கொமுட்டர் ரயிலில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மாலைக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். உள்ளே கூரை வரைக்கும் பெட்டிகள். கடைக்கார பாஸுக்கு நாற்பது வயதிருக்கும். நான் அச்சடித்துக் கொண்டுபோன பட்டியலைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அங்கிள், இவ்வளவு எழுதினா நம்மள நாமளே காட்டிக் குடுத்த மாதிரி லா. யாரு இதெல்லாம் கேட்டா?"

"போராங்ல கேக்குதே."

"கேக்கும் அங்கிள். நீங்க ஒரே வரி போடுங்க. 'பாத் பவுடர்'. நலங்கு மாவு. பாக்கெட், லேபல் எல்லாம் எங்கிட்ட இருக்கு. மாத்திப் போட்டு சீல் பண்ணிருவேன். வாராவாரம் போய்க்கிட்டுத்தான் இருக்கு."

"என்னப் பொய் டிக்லரேஷன் குடுக்கச் சொல்றீங்களா?"

"பொய்யினு ஏன் சொல்றீங்க? பொடிதானே அங்கிள், குண்டா என்னா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஏற்றுமதிக்காரன் சொன்னதை நம்பி, மரப்பலகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே இருந்தது வேறு. இரண்டு நாள் சுங்க அலுவலகத்தில் உட்கார வைத்து, திருடனைக் கேட்பது போலக் கேட்டார்கள். அன்றைக்குச் சபதம் எடுத்தவன், அப்புறம் ஒரு வரி பொய் எழுதியதில்லை. அதையெல்லாம் அந்தக் கடையில் நின்று, வந்தவர் போனவர் எல்லாம் கேட்கும்படி அந்த பாஸிடம் கொட்டினேன். மனைவி இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பாள்.

"ஓகே அங்கிள், உங்க இஷ்டம் லா," என்று பட்டியலை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி. கிறுக்கன்.

மறுபடியும் அதே கவுண்டர், அதே பெண். ஆன்லைனில் எல்லாம் பதிந்து கொண்டுபோயிருந்தேன். பதினான்கு வரி. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றுவிட்டாள். அக்கா குழந்தை நெற்றிக்கு என்று கோயிலில் இருந்து ஒரு பொட்டலம் விபூதி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அதுதான் அந்தக் கடைசி வரி.

"இனி அபா, பாக்சிக்?" என்றாள். இது என்ன என்கிறாள்.

"அபு," என்றேன். சாம்பல்.

"அபு அபா?"

என்ன சாம்பல் என்று கேட்கிறாள். படிவத்தில் எதனால் ஆனது என்று ஒரு கட்டம் இருக்கிறதே! அதில் நான் என்ன எழுதியிருந்தேனோ அதையே மலாயில் சொன்னேன்.

"அபு தாஹி லெம்பு."

மாட்டுச்சாணச் சாம்பல். எனக்குப் பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பிரார்த்தனைப் பொடி என்று மாற்றிவிடட்டுமா பாக்சிக், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எதனால் ஆனது என்றால் அதனால்தான் ஆனது, மாற்ற வேண்டாம் என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

அது மதிப்பு. எதற்கும் பூஜ்யம் போடக்கூடாதாம். எங்கள் ஊர்க் காசில் பழைய சேலைக்கு ஐந்து வெள்ளி. வளையலுக்கு மூன்று. பொடிக்கு என்ன போடுவது? நான் யோசித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, கடையில் என்ன விலையோ அதைப் போடுங்கள் என்றாள். அதையே போட்டேன். தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். முப்பத்தோரு வருடம் போட்ட அதே கையெழுத்து.

பெட்டி எங்கே இருக்கிறது என்பதைப் போனிலேயே பார்க்கலாம். தினமும் எழுந்ததும் பார்ப்பேன். டயாலிசிஸ் படுக்கையில் ஒரு கையில் ஊசி இருக்க மறு கையால் பார்ப்பேன். மலேசியாவை விட்டுக் கிளம்பியது. அந்த நாட்டில் இறங்கியது. அதற்குப் பிறகு, 'ஆய்வுக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. மறுநாளும் அதே வரி. பதினாறு நாள் அதே வரி.

எனக்கு அந்த வரியின் அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மேசைக்கே எத்தனை முறை வந்திருக்கிறது! செடி, விலங்கு சம்பந்தப்பட்டது எதுவோ கண்ணில் பட்டுவிட்டது. நான்தான் பதினோரு செடியையும் ஒரு மாட்டையும் வரிசையாக எழுதிக் கையில் கொடுத்திருந்தேனே. அடுத்தது பெறுகிறவருக்கு ஒரு கடிதம் போகும். அதில் மூன்று வழி இருக்கும். பணம் கட்டிச் சுத்திகரித்து எடுத்துக்கொள்ளலாம், அனுப்பியவருக்கே திருப்பிவிடலாம், அல்லது அழித்துவிடலாம். முடிவு சொல்ல வேண்டியவர் பெறுகிறவர். அனுப்பியவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வாரம் மகள் கூப்பிட்டாள். அக்கா அப்போது எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளுக்கு எட்டரை மாதம், முகம் ஊதியிருந்தது. பிரஷர் ஏறியிருக்கிறது, எதையும் யோசிக்காமல் படுத்திரு என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

"அப்பா, அந்தப் பார்சல் விஷயமா ஏதோ ஈமெயில் வந்திருக்குப்பா. இன்னும் படிக்கல. பாத்துக்கிறேன்."

இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் போதும். மகளே, அந்தப் பொடியை மட்டும் விட்டுவிடாதே, என்ன செலவானாலும் எடுத்துக்கொள், முடியாவிட்டால் எனக்கே திருப்பியாவது அனுப்பச் சொல், அது கடையில் வாங்கியது இல்லை. வாயைத் திறந்தும்விட்டேன். அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். திரையில் மகள் மூச்சு வாங்கிக்கொண்டு, வயிற்றின்மேல் கைவைத்தபடி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்து செய்ம்மா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சுங்கத்துக்குப் பயந்து ஒரு சொல் மாற்ற மாட்டேன் என்று பிரிக்பீல்ட்ஸில் கத்தியவன், பெற்ற மகளிடம் சொன்ன பொய்யை மாற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மகள் இங்கே மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் இதை எல்லாம் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். பிரஷர் இறங்கியிருந்தது, குரலிலும் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. பெட்டி வந்துவிட்டது என்று சேலையைத் திரையில் விரித்துக் காட்டினாள். ஏதோ மருந்து வாடை அடிக்கிறதாம், இரண்டு தடவை துவைத்தாளாம். வளையலைத் தன் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக் காட்டினாள். நான் பாட்டில் திரையில் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"திருநீறும் அந்தப் பொடியும் மட்டும் விடலப்பா. மூணு சாய்ஸ் குடுத்தாங்க. ட்ரீட் பண்ணணும்னா லேபுக்கெல்லாம் எழுதிக் கேக்கணுமாம், அதுக்குள்ள புள்ளையே பொறந்துரும். திருப்பி அனுப்பவான்னும் இருந்துச்சி. கடைப் பொடிக்கு எதுக்குப்பா இவ்வளவுன்னு, டிஸ்ட்ராய்னு டிக் பண்ணிட்டேன். இங்கயே ஒரு இண்டியன் ஷாப்ல பாக்கெட்ல இருக்கு. நேத்து உங்க மாப்பிள்ள போய் வாங்கிட்டு வந்துட்டாரு."

"சரிம்மா," என்றேன். என் குரல் எப்படியோ ஒழுங்காக வந்தது.

"கோவமாப்பா?"

"இல்லம்மா. பொடிதானே."

அவள் சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு, இத்தனை மாதமாக இருவரும் வாயில் எடுக்காத பேச்சை அவளே எடுத்தாள்.

"அம்மா இருந்திருந்தா கடையில வாங்கியிருக்கவே மாட்டாங்கப்பா. எனக்காக அவங்களே இடிச்சிருப்பாங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"அழாதம்மா. இந்த நேரத்துல அழக்கூடாது," என்றேன். "ஆமா. இடிச்சிருப்பா."